மர அச்சில் ஓடிய மோட்டார்க்கார்

திருகோணமலைத் திருக்கடலூரில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில், அப்பாவின் பட்டறைச் சுவரோரமாக ஆறடி நீளமான ஒரு சவண்டலைத் துண்டு பல வருடங்களாகச் சாய்ந்து நிற்கிறது. மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் செய்யவென்று வாங்கிய மரம் அது. வண்டி செய்யச் சொன்னவர் பிறகு கை உழவு இயந்திரம் வாங்கிவிட்டதால் அது அப்படியே மிஞ்சிவிட்டது. சிங்களத்தில் ஹல்மில்ல என்று வழங்கும் இம்மரத்துக்கு ஆங்கிலேய மர வணிகர்கள் எங்கள் ஊரின் பெயரையே வைத்து, ‘திருகோணமலை மரம்’ என்றுதான் குறித்தார்கள். அலையை முட்டிக்கொண்டு கரையேறிய சென்னை மசூலாப் படகுகளுக்கும், வண்டிகளின் ஆரக்கால்களுக்கும் இதை விரும்பி எடுத்ததற்கு ஒரு காரணம், அடி விழுந்தால் வளைந்து கொடுத்துவிட்டு மீண்டும் நிமிர்ந்துகொள்ளும் அதன் குணம்தான்.

பிரஷ் என்ற அமெரிக்கக் கார்க் கம்பனியைப் பற்றி நான் முதன்முதலாக வாசித்தபோது அந்தச் சவண்டலைதான் நினைவுக்கு வந்தது. 1907-இல் டெட்ராயிட் நகரில் தொடங்கி ஆறேழு ஆண்டுகளுக்குள் மறைந்துபோன அந்தக் கம்பனி செய்த சிறிய இரண்டு இருக்கைக் காரில் சில்லுகள் மட்டுமல்ல, சட்டகமும் முன் பின் அச்சுகளும்கூட மரத்தாலானவை. ஓக், ஹிக்கறி, மேப்பிள் போன்ற வைரமான மரங்களையே அச்சுக்கு எடுத்தார்கள். காரை வடிவமைத்தவர் அலன்சன் பிரஷ்; அதற்கு முன்பே காடிலாக் கார்களின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் வேலை செய்து பெயரெடுத்தவர். பணம் முதலிட்டு அந்தக் கம்பனியை நடத்தியவர் பிராங்க் பிரிஸ்கோ.

படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். படகும் வண்டியும் செய்து நாற்பது வருடம் உளி பிடித்த ஓடாவி அவர். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, படத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இதில பின் அச்சு சுத்துமோ, நிக்குமோ?”

நிற்கும் என்றேன். எஞ்சினின் சுழற்சி காரின் அடியில் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டுக்கு வந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தனித்தனிச் சங்கிலிகள் வழியாகப் பின் சில்லுகளுக்குப் போகிறது. அச்சு பாரத்தை மட்டும் தாங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது என்று விளக்கினேன்.

“அப்ப சரி. நிக்கிற அச்செண்டா மரம் தாங்கும். சுத்திறதெண்டாத்தான் முறுக்கி வெடிக்கும்.”

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே பிரஷ் காரின் இயந்திரவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாட்டுவண்டியிலும் அச்சு அசையாமல் கிடக்க, சில்லுதான் அதன் முனையில் சுழல்கிறது. அக்கால அமெரிக்கச் சிற்றூர்த் தெருக்கள் பெரும்பாலும் மண்ணும் சேறும் வண்டித்தடப் பள்ளங்களுமாகக் கிடந்தவை. தரமான உருக்கோ விலை கூடியது. குதிரைவண்டி செய்து கைதேர்ந்த தொழிலாளர்களும் நல்ல காட்டு மரங்களும் தாராளமாக இருந்த மிச்சிகன் மாநிலத்தில், பாரம் குறைந்த மலிவான காருக்கு மரத்தைத் தேர்ந்தது சிக்கனத்துக்காக மட்டும் எடுத்த முடிவு அல்ல என்றே நான் எண்ணுகிறேன். ஆனாலும் ஊர் வாயை மூட முடியுமா? ‘மர உடல், மர அச்சு, மரச் சில்லு’ என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ‘வூடன் ரன்’ என்று முடிக்கும் ஒரு கேலி பரவியது. ‘வூடன்’ என்றால் மரத்தாலானது. ஆனால் அத்தொடரை வேகமாகச் சொல்லும்போது ‘ஓடவே ஓடாது’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களாகக் காதில் விழும்.

காரின் மற்றப் பகுதிகளைப் பார்த்தால் அந்தக் கேலி எவ்வளவு அநியாயமானது என்பது புரியும். ஏனைய கார்கள் பட்டை வில்லில் ஓடிக்கொண்டிருந்தபோது, பிரஷ் ஒவ்வோர் அச்சின் இரு பக்கமும் இழுவிசையில் வேலை செய்யும் சுருள்வில்களைப் பொருத்தினார். தண்ணீரால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் முதலில் 6 குதிரைவலுவும் பின்னர் 10 குதிரைவலுவும் தந்தது. ஒற்றைச் சிலிண்டருக்கே உரிய உதறலைக் குறைக்கப் பற்சில்லுகளால் இயங்கும் எதிர்ப்பாரங்களை வைத்தார். எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது, அந்த எஞ்சின் வழக்கத்துக்கு மாறாக இடஞ்சுழியாகச் சுழன்றது என்பதே. கைப்பிடி போட்டுச் சுழற்றி எஞ்சினை எழுப்பிய காலம் அது. வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சின் திருப்பி அடித்தால், வலக்கைக்காரரின் பெருவிரல் பிசகும், முன்கை எலும்பும் முறியும். அந்த ஆபத்தைக் குறைக்கவே சுழலும் திசையை மாற்றினார்கள். தம்பலகாமத்தில் வயலுக்கு நீர் இறைக்கும் எஞ்சினை எழுப்பப்போய், என் மாமா இரண்டு மாதம் கைக்கட்டோடு திரிந்ததைப் பார்த்தவன் நான். அந்த ஒரு மாற்றத்துக்காகவே பிரஷை மனமார மதிக்கிறேன்.

அப்படியானால் கம்பனி ஏன் நிலைக்கவில்லை? 1909 அளவில் பிரஷ் காரின் விலை 485 டொலர். 1908-இல் வந்த போர்டின் டி மாடல் 850 டொலர். இந்த இடைவெளிதான் பிரஷின் பலம். ஆனால் போர்ட் ஆண்டுக்காண்டு விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, 1913-இல் இரண்டு இருக்கைக் காரை 525 டொலருக்கு விற்றார். நான்கு சிலிண்டரும் 20 குதிரைவலுவும் வனேடியம் என்ற உலோகம் கலந்த வலுவான உருக்கும் கொண்ட காரை அந்த விலைக்கு வாங்க முடியுமென்றால், ஒற்றைச் சிலிண்டரை யார் நாடுவார்கள்? பிரஷ் கம்பனியும் ‘லிபர்ட்டி’ என்ற பெயரில் 350 டொலருக்கு இன்னும் எளிமையான ஒரு காரை இறக்கிப் பார்த்தது.

இன்னொரு சுமையும் அதன் தலையில் இருந்தது. பிராங்கின் சகோதரர் பெஞ்சமின் பிரிஸ்கோ, மாக்ஸ்வெல், கொலம்பியா, ஸ்டொடார்ட்-டேட்டன் முதலிய கம்பனிகளோடு பிரஷையும் சேர்த்து 1910-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் மோட்டார் கம்பனி என்ற பெருங்கூட்டை அமைத்திருந்தார். ஒன்றோடொன்று போட்டியிடும் கார்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த அந்தக் கூட்டு இரண்டே ஆண்டில் கடனில் மூழ்கியது. அதைப் பொறுப்பேற்ற வால்ட்டர் பிளாண்டர்ஸ் மாக்ஸ்வெல்லை மட்டும் காப்பாற்றினார். 1925-இல் கிரைஸ்லர் கம்பனி பிறந்தது அந்த மாக்ஸ்வெல்லிலிருந்துதான். பிரஷ் கைவிடப்பட்டது.

மர அச்சுதான் அந்தக் கம்பனியை வீழ்த்தியது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1912-இல் பிரான்சிஸ் பேர்ட்டில்ஸ், சிட் பேர்கசன் என்ற இருவர், ரெக்ஸ் என்ற ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு, ஒற்றைச் சிலிண்டர் பிரஷ் காரில் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிமாண்டிலிலிருந்து புறப்பட்டார்கள். மணலும் கல்லும் புதருமாய்க் கிடந்த ஏறத்தாழ 4,000 கிலோமீற்றரைக் கடந்து சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். அக்கண்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கறுத்த முதல் கார் அதுதான். டெட்ராயிட்டில் அதைச் செய்தவர்களின் கூட்டுக் கம்பனி கடன்காரர் கைக்குப் போனதும் அதே ஆண்டில்தான்.