1000 நூல் பெட்ஷீட்டை தராசுல வச்ச கதை

ராத்திரி ஒரு மணிக்கு தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருக்கும்போது எந்தப் பொருளும் வாங்கக்கூடாது, அதுலயும் பெட்ஷீட் வாங்கவே கூடாது. நான் வாங்கினேன். "1000 த்ரெட் கவுண்ட், எகிப்து பருத்தி, ஹோட்டல் குவாலிட்டி"ன்னு போட்டிருந்தான், போட்டோல வெள்ளை வெளேர்னு ஒரு கட்டில், அதுல ஒரு சுருக்கம் கூட இல்ல, பக்கத்துல ஒரு பூ. விலையைப் பார்த்து கொஞ்சம் வயித்தைக் கலக்கிச்சு, ஆனா வாழ்க்கையில மூணுல ஒரு பங்கு படுக்கையிலதானே போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு பட்டனை அமுக்கிட்டேன்.

வந்தப்ப ரிப்பன் கட்டின டப்பா. தொட்டா கை வழுக்குது, பட்டு மாதிரி பளபளப்பு, வீட்ல எல்லாரும் வந்து தடவிப் பார்த்துட்டுப் போனாங்க. முதல் வாரம் ராஜா மாதிரி தூங்கினேன். மூணாவது தடவை துவைச்சு எடுத்தப்ப அந்த வழவழப்பு போன இடம் தெரியல. ஆறாவது துவையல்ல கால் வைக்கிற பக்கம் பூரா குட்டிக் குட்டியா பஞ்சு உருண்டை, படுத்தா முதுகுல மணல் தூவின மாதிரி உறுத்துது.

எங்க அக்கா தையல் மெஷின் முன்னாடியே பாதி வாழ்க்கையைக் கழிச்சவ. அவகிட்ட காட்டினேன். அவ ஒண்ணும் பேசல, ஓரத்துல தையலைப் பிரிச்சு உள்ள இருந்து ஒரு நூலை உருவி எடுத்தா, ரெண்டு முனையையும் விரல்ல பிடிச்சு முறுக்குக்கு எதிர்ப்பக்கமா மெதுவா உருட்டினா. ஒரே நூலா தெரிஞ்சது நடுவுல பிளந்து ரெண்டு மெல்லிய இழையா விலகி நின்னுச்சு. "இதைத்தான்டா ரெண்டுன்னு எண்ணியிருக்கான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எனக்கு விடல. துணி மேல ஸ்கேலை வச்சு போன் கேமராவை ஃபுல்லா ஜூம் பண்ணி போட்டோ எடுத்து உக்காந்து எண்ணினேன், கண்ணு பூத்துப் போச்சு. ஒரு சென்டிமீட்டர்ல நீளவாக்குல ஓடுற பாவு நூல் 59, குறுக்க ஓடுற ஊடை நூல் 40. மொத்தம் 99, அதை 2.54ஆல பெருக்கினா ஒரு இஞ்சுக்கு 251 நூல். ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டா எண்ணினா கூட 500தான் வருது, மீதி 500 எங்கப்பா போச்சு?

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை நோண்ட ஆரம்பிச்சேன். த்ரெட் கவுண்ட்டுன்னா ஒரு சதுர இஞ்ச் துணியில நீளவாக்குல ஓடுற பாவு நூலையும் குறுக்க ஓடுற ஊடை நூலையும் கூட்டின எண்ணிக்கை, அவ்வளவுதான். ரெண்டு பிரி, நாலு பிரி, அதாவது ரெண்டு மூணு மெல்லிய இழையைச் சேர்த்து முறுக்கின நூலா இருந்தாலும் அதை ஒண்ணாதான் எண்ணணும்னு ஏஎஸ்டிஎம் டி3775ன்னு ஒரு அளவுமுறையே இருக்கு. 2005ல அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி கூட, பிரியை எல்லாம் தனித்தனியா எண்ணி கூட்டிப் போட்டா வாங்குறவங்க ஏமாறலாம், "300 த்ரெட் கவுண்ட், 2 பிரி நூல்"ங்கிற மாதிரி பிரிச்சுப் போட்டா குழப்பம் இருக்காதுன்னு எழுதியிருக்கு. ஆனா பிரிச்சுப் போட்டா 600ன்னு பெருசா எழுத முடியாதே. ஒத்தைப் பிரி நூலை வச்சு ஒரு இஞ்சுல நெருக்கி நெய்யறதுக்கு ஒரு எல்லை இருக்கு, 500, 600ஐத் தாண்டினாலே கொஞ்சம் சந்தேகத்தோட பார்க்கறது நல்லது. உண்மையில 250ல இருந்து 400க்குள்ளயே அருமையான ஷீட் கிடைக்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை தராசு. யாரும் இதைப் பெருசா பேசறதில்ல, ஆனா தராசு பொய் சொல்லாது. நூலுக்கு நம்பர் உண்டு இல்லயா, 40ஆம் நம்பர், 60ஆம் நம்பர், 80ஆம் நம்பர்னு, 840 கெஜம் உள்ள சிட்டம், அதாவது நூல் கட்டு, எத்தனை சேர்ந்தா ஒரு பவுண்ட் எடை வருதோ அதுதான் அந்த நம்பர், அதனால நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. இப்ப த்ரெட் கவுண்ட்டை 25ஆல பெருக்கி நூல் நம்பரால வகுத்தா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும்னு ஓரளவுக்கு வந்துடும். என் ஷீட்டு 2.5 மீட்டருக்கு 2.7 மீட்டர், அதாவது 6.75 சதுர மீட்டர், சமையல்கட்டு தராசுல மடிச்சு வச்சேன், 1 கிலோ 60 கிராம். சதுர மீட்டருக்கு 157 கிராம். நிஜமாவே 1000 நூல் இருந்து இந்த எடைதான்னா நூல் 160ஆம் நம்பரா இருக்கணும், அவ்வளவு மெல்லிசான நூலை இந்த மாதிரி தினசரி ஷீட்டுக்கு யாரும் போட மாட்டாங்க. ஆனா 250 நூல், ஒவ்வொண்ணும் 80ஆம் நம்பர் இழை ரெண்டை முறுக்கினது, அதாவது கணக்குக்கு 40ஆம் நம்பர்னு வச்சா 156 கிராம். அச்சு அசலா பொருந்துது! அன்னிக்கு அந்தக் கணக்கு பொருந்தினப்ப பணம் போன வருத்தத்தை விட சந்தோஷம்தான் அதிகமா இருந்துச்சு, என்னத்தைச் சொல்ல.

அப்ப அந்த முதல் வார வழவழப்பு? அது துணியோடது இல்ல, மேல பூசினது. நெய்து முடிச்சப்புறம் சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவாங்க, துவைக்கத் துவைக்க அது போயிடும், அடியில இருக்கிற நூலோட நிஜ குணம் அப்பதான் வெளிய வரும். டப்பாவைப் பிரிச்ச உடனே ஒரு மூலையில ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, வெறும் பருத்தின்னா உறிஞ்சிக்கும், முத்து மாதிரி உருண்டு ரொம்ப நேரம் மேலயே நிக்குதுன்னா பூச்சு கனமா இருக்குன்னு ஒரு சந்தேகம் வச்சுக்கலாம்.

பஞ்சு உருண்டை வர்றதுக்கு முக்கியக் காரணம் பஞ்சோட இழை நீளம். குட்டை இழை பஞ்சுல நூல் நூத்தா நூலோட மேல்பக்கம் ஏகப்பட்ட முனை நீட்டிக்கிட்டு நிக்கும், உரசல்ல அதெல்லாம் வெளிய வந்து ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கும். நீளம் 1 3/8 இஞ்ச், கிட்டத்தட்ட 35 மில்லிமீட்டர், அதுக்கு மேல இருந்தா எக்ஸ்ட்ரா லாங் ஸ்டேப்பிள்ங்கறாங்க. எகிப்தோட சில கிஸா பருத்தி வகைகள், பீமா பருத்தி எல்லாம் இந்த ஜாதி. ஆனா "எகிப்து பருத்தி"ங்கிற ரெண்டு வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. 2016ல அமெரிக்காவுல ஒரு பெரிய கடைச் சங்கிலி, எகிப்து பருத்தின்னு வித்த ஷீட்டுல வேற பருத்தி இருந்துச்சுன்னு சப்ளையரையே கழட்டி விட்டாங்க, அவங்களுக்கே அந்த கதின்னா போன்ல போட்டோ பார்த்து வாங்குற நம்ம கதி? "நூறு சதவீதம்", "லாங் ஸ்டேப்பிள்", "கோம்ப்டு" (குட்டை இழையைச் சீவி எடுத்தது), "ஒத்தைப் பிரி"ன்னு வெளிப்படையா எழுதியிருக்கானான்னு பாருங்க. "காட்டன் ரிச்"னா பருத்தியோட வேற நாரும் கலந்தது. "1800 சீரீஸ்"னா அது நூல் எண்ணிக்கையே இல்ல, பெரும்பாலும் பாலியெஸ்டர் மைக்ரோஃபைபருக்கு வச்ச பட்டப்பேரு. மூங்கில்னு சொல்றது அனேகமா மூங்கில் கூழ்ல இருந்து ரசாயனம் போட்டு எடுத்த விஸ்கோஸ்ங்கிற நார். சந்தேகம்னா உருவின நூலை சிங்க் மேல இடுக்கியில பிடிச்சு கொளுத்திப் பாருங்க, பருத்தி காகிதம் எரியற வாசனையோட பொசபொசன்னு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி கெட்டியா ஒரு பாசிமணி மாதிரி நிக்கும்.

நெசவு விஷயத்துல நான் பர்கேல் கட்சி. ஒரு நூல் மேல ஒரு நூல் கீழன்னு போற சாதா நெசவு, மொறமொறன்னு இருக்கும், காத்து போகும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும், ஆனா கசங்கும், இஸ்திரி போட்டே ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு தலைவலி. சாட்டீன்ல நூல் நாலு மேல போய் ஒண்ணு கீழ போகும், அதனாலதான் அந்த பளபளப்பு, அதனாலதான் சீக்கிரம் கொக்கியில மாட்டி இழை இழுக்குது. சாட்டினும் சாட்டீனும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்கிடாதீங்க, சாட்டின்னு விக்கிறது முக்காவாசி பாலியெஸ்டர். தையலைப் பத்தி அக்கா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இஞ்சுக்கு பத்து பன்னெண்டு தையல் இருக்கணும், மூலையில நூல் தொங்கக்கூடாது. எலாஸ்டிக் ஷீட்டுன்னா மெத்தை உயரத்தை அளந்துட்டு, துவைச்சா அஞ்சு சதவீதம் வரைக்கும் சுருங்கலாம்னு சேர்த்துக் கணக்கு போடணும். ஓகோ-டெக்ஸ் முத்திரை இருந்தா ரசாயனச் சோதனை நடந்திருக்குன்னு அர்த்தம், துணி ஒசத்தின்னு அர்த்தம் இல்ல.

கடைசியில நான் திருப்பி அனுப்பப் பார்த்தேன், துவைச்சதை எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. நியாயம்தான், எரிச்சலாவும் இருந்துச்சு. அதனால இப்ப எது வந்தாலும் தண்ணிச் சொட்டு, தராசு, வெளிச்சத்துல பிடிச்சு நெசவு ஒரே சீரா இருக்கான்னு பார்க்கறது, இதெல்லாம் துவைக்கிறதுக்கு முன்னாடியே. தையலைப் பிரிக்கிற வேலை மட்டும் ஷீட்டை நாமளே வச்சுக்கலாம்னு முடிவானப்புறம்தான், பிரிச்சதையும் எவனும் திருப்பி எடுக்க மாட்டான்.

நேத்து புதுசு வந்துச்சு. 300 த்ரெட் கவுண்ட், பர்கேல், 60ஆம் நம்பர், ஒத்தைப் பிரின்னு போட்டிருக்கான். பளபளப்பு கிடையாது, தொட்டா கொஞ்சம் விறைப்பு, வீட்ல ஒருத்தரும் தடவிப் பார்க்க வரல. பழைய ஷீட்டு அளவேதான், கணக்குப்படி 844 கிராம் வரணும், தராசு 850 காட்டுது, ஓரம் மடிச்சுத் தைச்சதுக்கு ஆறு கிராம் விட்டுக் கொடுத்துட்டேன். தண்ணிச் சொட்டையும் உடனே குடிச்சிருச்சு. அப்புறம் ஓரத்தைப் பிரிச்சு ஒரு நூலை உருவி முறுக்குக்கு எதிர்ப்பக்கமா உருட்டினேன். பிளக்கவே இல்ல, பஞ்சா விரிஞ்சு அப்படியே கையோட பிஞ்சு வந்துச்சு. ஒத்தைப் பிரிதான். இப்ப மெஷின்ல ஓடிட்டு இருக்கு, பிரிச்ச ஓரத்தை யார் தைக்கிறதுன்னு அக்காகிட்ட இன்னும் கேக்கல.