பள்ளிக்கூடத்தை ஒன்பது வீடுகளாக்கிய இரண்டரை ஆண்டு

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எங்கள் பாட்டனார் கட்டி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு விட்டிருந்த கட்டடம், பள்ளி தனக்கென்று புதிய இடம் கட்டிக்கொண்டு போனபின் ஏழு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. இடித்துத் தரைமட்டமாக்கி மனையாக விற்கச் சொன்னவர்கள்தாம் அதிகம். பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இரண்டடிக் கனத்தில் எழுப்பிய அந்தச் சுவர்களை இடிக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. வெளிச்சுவரையும் முன்வராந்தாவின் தூண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே லிஃப்ட், ஜெனரேட்டர் வசதிகளோடு ஒன்பது வீடுகள் அமைத்து, வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு விற்பது என்று முடிவு செய்தோம். இரண்டரை ஆண்டு ஆயிற்று. அதில் கட்டட வேலைக்குப் பதினாறு மாதம். மீதிக்காலம் முழுவதும் அந்தக் கட்டடம் யாருடையது, எப்போதிருந்து நிற்கிறது என்பதை மேசை மேசையாக நிரூபிப்பதில் கழிந்தது.

முதல் அடி பவர் பத்திரத்தில், அதாவது தம் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரத்தில், விழுந்தது. பங்குதாரர்களில் ஐந்து பேர் துபாயிலும் தோஹாவிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஐந்தும் சேரட்டும், ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஐந்தாவது பவர் வந்து சேர்வதற்குள், முதலில் வந்த காக்காவின் (எங்கள் வழக்கில் அண்ணன்) பவர் கெடுவைத் தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது. காக்கா மறுபடியும் விடுப்பு எடுத்து, துணைத் தூதரகத்தில் மறுபடியும் சான்றொப்பம் பெற்று அனுப்ப நேர்ந்தது. “ஊர்லதானே இருக்கே, இதைக்கூடப் பார்க்கலையா?” என்று போனில் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பவரையும் வந்த அன்றே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மற்றதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டில்தான் சிக்கல் இருந்தது: உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பள்ளிக்கூடம்’ என்ற ஒற்றைச் சொல். அளவை நடந்த காலத்தில் அங்கே வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. கண்ணில் கண்டதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். “பள்ளிக்கூடம்னு இருக்கு சார், அப்ப இது பொது இடம்” என்றார் அந்த அலுவலகத்தின் எழுத்தர். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினேன்; அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் ‘மேலே அனுப்பியாச்சு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாரம் போனபோது, எங்கள் மனு அவருடைய மேசையின் கீழ்த்தட்டில், நான் கட்டிக்கொடுத்த பச்சைக் கயிற்றின் முடிச்சுகூட அவிழாமல் கிடந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதற்குப்பின் எந்த மனுவையும் ஒப்புகைச் சீட்டும் வரிசை எண்ணும் வாங்காமல் நான் கொடுத்ததில்லை.

எங்கள் நிலத்தின் மூலப் பதிவேடு மதுரையில் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். நம்பும்படியாகவே இருந்தது, ஏனென்றால் 1910-இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடம் நெடுங்காலம் மதுரையில்தான் இயங்கியது. விடியற்காலைப் பேருந்தில் போனேன். 1985-இல் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதே எங்கள் பக்கத்துப் பதிவேடுகளை அனுப்பிவிட்டதாகப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. ஒரு நாள் முழுதும் வீண். கடைசியில் இராமநாதபுரத்துப் பதிவறையில்தான் கிடைத்தது. எங்கள் நிலம் சேதுபதிகளின் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி 1949-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய காலத்துக்கு அரசுப் பட்டா கேட்டால் யாராலும் காட்ட முடியாது. பாட்டனாரின் கிரயப் பத்திரத்தையும் ஜமீன் ஒழிந்தபின் நிலம் யாருடையது என்று வரையறுத்து எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டின் சான்றிட்ட நகலையும் சேர்த்து வைத்தபிறகு, கோட்டாட்சியர் ஒரே விசாரணையில் பெயரைத் திருத்தி உத்தரவிட்டார்.

அடுத்தது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டட வேலை என்றால் அந்த மண்டல அனுமதி வேண்டும்; எங்கள் கட்டடம் ஏறத்தாழ 300 மீட்டரில் இருக்கிறது. தனியார் சர்வேயர் ஒருவரிடம் பணம் கொடுத்து வரைபடம் தயாரித்துக் கொண்டுபோனேன்; திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் 1:4000 அளவில் வரைந்தது மட்டுமே செல்லும். நாங்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தில் வாங்கினோம். முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அதைவிடப் பெரிய கண்ணி விதியின் சொற்களில் இருந்தது. நகர்ப்பகுதிக் கடற்கரையில் அனுமதி பெற்ற பழைய கட்டடத்தை மறுகட்டுமானம் செய்யலாம், ஆனால் இப்போதுள்ள பயன்பாட்டை மாற்றக்கூடாது என்கிறது விதி. ‘மறுகட்டுமானம்’ என்று எங்கள் பொறியாளர் விண்ணப்பத்தில் எழுதிவிட்டதால், பள்ளியாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே பழைய சாலை ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கம் புதிய கட்டடங்களுக்கே இடம் உண்டு. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி விண்ணப்பத்தை மாற்றி எழுதி, சாலையின் பழமைக்கும் சான்று வைத்தோம். முதல் கடலோர அறிவிக்கை வெளியான 1991 பிப்ரவரி 19-க்கு முன்பிருந்தே கட்டடம் நின்றதா என்றும் கேட்டார்கள். அப்போது எங்களைக் காப்பாற்றியது பாட்டனாரின் தகரப் பெட்டி. எண்பது ஆண்டுச் சொத்துவரி ரசீதுகளை அரையாண்டு வாரியாக நூல் கோத்து வைத்திருந்தார். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தாலும் கதவு எண்கள் தெளிவாக இருந்தன.

வேலை தொடங்கியபின் நடந்த பிழைக்கு நாங்களே பொறுப்பு. முதல் ஒப்பந்ததாரர், சிமெண்ட் பூச்சுதான் உறுதி என்று சொல்லி வடக்குச் சுவர் முழுவதும் பூசிவிட்டார்; கலவைக்கும் நனைப்புக்கும் வளாகத்துக் கிணற்றின் உவர்நீரையே பயன்படுத்தியிருக்கிறார். ஐப்பசி மழை முடிந்ததும் பூச்சு உப்பிக்கொண்டு, தட்டினால் பொள்ளென்று ஒலித்தது. கொத்தி எடுத்தபோது கல்லின்மேல் விரற்கடை கனத்துக்கு வெள்ளை உப்புப் பூத்திருந்தது. அதைத் துடைத்தால் அடியில் பவளத்தின் நெளிநெளியான வரிகள், அன்று கடலிலிருந்து எடுத்ததுபோல. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மூத்த மேஸ்திரி சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தச் சுவர் மூச்சு விடணும் தம்பி, நீங்க வாயை அடைச்சிட்டீங்க” என்றார். டேங்கர் நன்னீரில் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து அரைத்து, மெல்லிய படலங்களாகப் பூசினார்கள். ஐந்து மாதம் கூடுதலாயிற்று. அடுத்த மழைக்கு அந்தச் சுவரில் ஒரு பொட்டு ஈரம்கூடத் தெரியவில்லை.

சிதைந்த கல்லுக்கு மாற்றுக் கல் தேடுகிறவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ‘பழைய கல்தான்’ என்று யாராவது லாரியில் கொண்டுவந்து இறக்கினால் வாங்காதீர்கள். நாங்கள் வளாகத்திலேயே இடிந்து கிடந்த சமையல்கூடத்தின் கல்லை மட்டும் எடுத்தோம். எடுக்கும் முன் படம் பிடித்து, வனத்துறைக்கு எழுத்துமூலம் தெரிவித்தும் வைத்தோம்.

வீடுகள் எட்டைத் தாண்டியதால் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்தோம். அதில் தொல்லை இல்லை. கட்டட அனுமதியும் மின் இணைப்பும் ஒழுங்காக வந்தன. மாடியில் ஒரு வீட்டின் கூடத்தில், சுவரிலேயே பூசியிருந்த பழைய கரும்பலகையை எடுக்காமல் விட்டிருக்கிறோம். அந்த வீட்டை வாங்கியவர் அந்த வகுப்பிலேயே படித்தவர். அதைக் கேட்டே வாங்கினார்.

சொத்துவரிப் பதிவேட்டில் வகைப்பாடு மாறுவது மட்டும் கடைசிவரை இழுத்தது. சென்ற அரையாண்டு ரசீதில்தான் முதன்முதலாகக் ‘குடியிருப்பு’ என்று அச்சாகி வந்தது. அதையும் நூலில் கோத்து, பாட்டனாரின் தகரப் பெட்டியில் மற்ற ரசீதுகளுக்கு மேலே வைத்திருக்கிறேன்.