புல்லை எண்ணி மாட்டை விடுவது

மார்ச் 12
அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளில் பனியைவிடக் குளிர்மழைதான் பொல்லாதது. அடர்ந்த குளிர்கால ரோமம் காய்ந்திருந்தால் பசு மைனஸ் 8 டிகிரி வரை தாங்கும்; நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே நடுங்கத் தொடங்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் கூடுதல் தீனி வேண்டும். காற்றுத் தடுப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு கொட்டினாலும் மாடு இளைக்கும்.

ஏப்ரல் 9
கான்சஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் மேய்ச்சல் புல்லுக்குத் தீ வைக்கும் பருவம். மேல்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும். ஏர் இறங்கவில்லை, உயரப்புல் பிழைத்தது. பழைய காய்ந்த புல் எரிந்த இடத்தில் வரும் தளிரில் ஓராண்டுக் காளைக்கன்றுகள் வேகமாக எடை போடும். ஜூலைக்குப் பிறகு புல்லில் புரதம் இறங்கிவிடும். அதனால்தான் சிலர் இரட்டிப்பு எண்ணிக்கையை விட்டு, 90 நாளில் ஓட்டிவிடுகிறார்கள்.

மே 3
450 கிலோ பசுவுக்கு நாளுக்கு 12 கிலோ உலர் தீவனம், மாதம் 360. வறண்ட நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,200 கிலோ புல் விளைகிறது என்று வையுங்கள். பாதியை வேருக்காக விட்டுவிட வேண்டும். மிதிபடுவதும், சாணம் படிவதும், பூச்சி தின்பதும் இன்னொரு கால் பங்கு. வாய்க்குள் போவது 300 கிலோ. ஐந்து மாதம் மேய ஒரு பசுவுக்கு 6 ஹெக்டேர்.

மே 4
நேற்றைய கணக்கு தட்டை நிலத்துக்கு. சரிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் புல்லில் 30 சதவீதத்தைக் கழியுங்கள். 30ஐத் தாண்டினால் 60. தண்ணீரிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் பாதிதான் கணக்கு, 3.2க்கு அப்பால் பூஜ்யம். இதைச் செய்யாமல் மொத்தப் பரப்பைத் தலைக்கு வகுத்தால் தொட்டியைச் சுற்றி மண் வெளுக்கும், மேட்டில் புல் தொடாமல் நிற்கும். உப்புக்கட்டியைத் தொட்டியருகே வைக்கும் பழக்கம் இதை இன்னும் கெடுக்கும். மேட்டில் வையுங்கள்.

ஜூலை 18
வெப்பமும் ஈரமும் சேர்ந்த மெக்சிகோ வளைகுடாக் கரையில் திமில் மாட்டின் இரத்தம் வேண்டும்: பிராங்கஸ் என்ற கலப்பினத்தில் எட்டில் மூன்று பங்கு பிராமன் என்ற திமில் இனம், மீதி ஆங்கஸ். வெயிலும் உண்ணியும் தாங்கும், ஆனால் குளிரில் பின்வாங்கும்.

ஆகஸ்ட் 6
மலைப்பண்ணைக்குத் தாழ்நிலக் காளை வாங்குபவர்கள் கவனிக்க: 1,500 மீட்டருக்கு மேல் நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறி, நெஞ்சடி வீங்கிச் சாகலாம். அழுத்தச் சோதனையை, காளை அந்த உயரத்தில் சில வாரம் நின்ற பிறகே எடுக்க வேண்டும். அடிவாரத்தில் எடுத்த அளவை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.