அக்டோபர் போஸ்டரும் அஸ்க்வித் சேவியரும்

லண்டனில் ரயில் நிலைய வேலையில் இருப்பவர்களுக்கு அக்டோபர் பிறந்தது தனியாகத் தெரிய வேண்டாம், ஸ்டாஃப் ரூம் சுவரில் கறுப்பின வரலாற்று மாத போஸ்டர் ஏறிவிடும், கேன்டீனில் ஒரு நாள் மேற்கு ஆப்பிரிக்க ஜாலஃப் சோறும் கிடைக்கும். பிரிட்டனில் 1987-லிருந்து நடக்கிறது. நல்ல காரியம்தான்.

எங்கள் போஸ்டரில் அஸ்க்வித் சேவியருக்கு ஒரே ஒரு வரி: யூஸ்டன் ரயில் நிலையத்தின் முதல் கறுப்பின கார்டு (ரயிலோடு போகும் பொறுப்பாளர்), 1966. படிக்கிறவர் மாலை போட்டு அழைத்து வந்தார்கள் என்றே நினைப்பார்.

கரீபியன் தீவான டொமினிக்காவிலிருந்து வந்து, 1956-ல் ரயில்வேயில் போர்ட்டராகச் சேர்ந்து, லண்டனின் மேரிலபோன் நிலையத்தில் கார்டு ஆனவர் அவர். அங்கே வேலை குறைந்துகொண்டு வந்ததால் யூஸ்டனுக்கு விண்ணப்பித்தார், நிறத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மறுத்தது மேலதிகாரிகள் மட்டுமல்ல, கூட வேலை பார்க்கும் ஊழியர்களின் கமிட்டியே கறுப்பர்கள் வேண்டாம் என்று வைத்திருந்தது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். சட்டத்தை நாடலாம் என்றால், 1965-ன் இன உறவுச் சட்டம் ஹோட்டல், பஸ் மாதிரிப் பொது இடங்களோடு நின்றுவிட்டது, வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டினால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. விஷயம் பத்திரிகைக்கும் அமைச்சர் வரைக்கும் போன பிறகே ரயில்வே இறங்கி வந்தது. ஆகஸ்ட் 15 அன்று யூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்தார், மிரட்டல் கடிதங்கள் வந்ததால் போலீஸ் பாதுகாப்போடு. வேலை விஷயத்துக்கும் சட்டம் வந்தது 1968-ல்.

யார் தடுத்தார்கள் என்று இன்னொரு வரி சேர்க்கலாமே என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். கொண்டாட்ட நேரத்தில் அது எதற்கு என்றார். பக்கத்தில் இருந்த பார்படாஸ் தீவு வம்சாவளிப் பெண்மணி சிரித்துவிட்டார். 1956-ல் லண்டனின் பஸ்களையும் சுரங்க ரயில்களையும் நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட் பார்படாஸுக்கே போய் ஆள் எடுத்தது, அப்படி வந்தவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. கப்பல் கட்டணத்தைக் கடனாகக் கொடுத்து, சம்பளத்தில் கழித்தார்களாம். அதுவும் போஸ்டரில் வராது என்றார்.

சரி, மேலாளரை விடுங்கள். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் கறுப்பினத்தவரை இளக்காரமாகப் பேசும் நம் ஆட்களும் அதே ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் அந்தச் சட்டமெல்லாம் தயாராக இருந்தது. ஒருவரிடம் சேவியரைப் பற்றி எடுத்துச் சொன்னேன். “நாம ஒழுங்கா வேலை செய்யுறோம், அதனால எடுத்தாங்க” என்றார். சேவியரும் பத்து வருடம் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தார்.