கட்டிலுக்கு அடியில் தெரிந்த கல்

போலீஸ் அதிகாரியாக நான் விசாரித்த மருத்துவக் காப்பீட்டு மோசடி வழக்கு ஒன்றில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அதனால் வழக்கின்போது எழுதிவைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாக இங்கே போடுகிறேன். ஊர், மருத்துவமனை, ஆட்கள் பெயர் எதுவும் இருக்காது. காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர் ஒன்று, அவ்வளவுதான்.

8 ஜூலை 2025, செவ்வாய்

ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்ப்பவர் ஒருவரின் மனு மேசைக்கு வந்தது. வயது 63. நெஞ்சு வலி என்று மதுரைக்குப் போயிருக்கிறார். மூன்று அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையை நீட்டினால், "உங்க குடும்பத்துக்கு இந்த வருஷம் மீதி 11,400 ரூபாய்தான் இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் சேர்த்து ஒரே கணக்கு. இந்த வீட்டில் அதுவரை யாரும் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. ஆனால் கணக்கில் அவர் மனைவி இரண்டு தடவை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருக்கிறார், அதில் ஒரு தடவை ஒன்பது நாள் வென்டிலேட்டரில்.

"அரசாங்கப் பணம்தானே போச்சு, காப்பீட்டுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று எங்கள் ஆட்களே சில பேர் சொல்வதுண்டு. இந்த மனுவை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். எடுக்கப்பட்டது இந்த மனிதரின் பைபாஸ்.

11 ஜூலை, வெள்ளி

அந்தச் சிகிச்சைகளுக்குக் கணக்குக் காட்டிய மருத்துவமனைக்கு பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94இன் கீழ் நோட்டீஸ் கொடுத்துக் கோப்புகளை வாங்கியாயிற்று. 43 குடும்பங்கள். மருத்துவ மோசடி வழக்கில் முக்கால்வாசி வேலை உட்கார்ந்து படிப்பதுதான். இரவு பத்தரை வரை நானும் ஏட்டய்யாவும் படித்தோம்.

நான் முதலில் பார்ப்பது கைபேசி எண்ணை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை 2023 ஆகஸ்டில் வந்தது. 9999999999 என்ற ஒரே எண்ணில் கிட்டத்தட்ட ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததாக அதில் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து வந்த பழக்கம் இது. இங்கே அவ்வளவு மோசமில்லை. 43 குடும்பத்துக்கு நான்கு எண்கள்.

அப்புறம் படுக்கைக் கணக்கு. மருத்துவமனை கொடுத்த பட்டியலில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் 6. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் அங்கே 14 பேர் படுத்திருக்கிறார்கள். செவிலியர் குறிப்பில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிய காய்ச்சல் அளவு ஒன்பது நாளும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. ராத்திரி இரண்டு மணிக்கும் அதே கை.

நெஞ்சு எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஏட்டய்யா, "அம்மா, இதைப் பாருங்க" என்றார். படத்தின் நடுவே சங்கிலியின் நிழல். அதில் மாட்டிய இரண்டு ஊக்கு, ஒன்று வாய் திறந்தபடி. நம் வீட்டுப் பெண்கள் தாலிச் சங்கிலியில் மாட்டிவைக்கும் அதே ஊக்குதான். அடுத்த கோப்பிலும் வாய் திறந்த ஊக்கு, அதே சாய்வு. மூன்றாவதிலும் அப்படியே. மூன்று கோப்பில் இரண்டு ஆண்களுடையவை.

14 ஜூலை, திங்கள்

60 வயது தாண்டியவரைச் சாட்சி சொல்ல நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. பெண்களையும் அப்படித்தான். பி.என்.எஸ்.எஸ். 179 சொல்வது அது. சட்டம் சொல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். அவரவர் வீட்டில்தான் ஞாபகம் நன்றாக வருகிறது.

கல் பட்டறைக்காரர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் கேட்டேன். மாசி மாதத்தில் ஒரு பெரிய வீட்டில் இலவச முகாம் நடந்ததாம். பிரஷர் பார்த்தார்கள், அட்டையையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டார்கள், கட்டிலில் படுக்கவைத்து முகத்தில் மூடி மாட்டி ஒரு படம் எடுத்தார்கள். "நுரையீரலைச் சோதிக்கிறோம்னாக" என்றார். போகும்போது எல்லாருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி. அந்தத் தூக்குவாளியில்தான் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார்.

கோப்பில் இருந்த படத்தைக் காட்டினேன். வார்டில் எடுத்தது என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்திருக்கும் படம். கணவர் வாங்கிப் பார்த்தார். மனைவியின் முகத்தைவிட்டு அவர் கண் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

"இது நான் பதிச்ச கல்லும்மா."

எனக்குப் புரியவில்லை. அருகில் உட்காரவைத்து விரலால் தொட்டுக் காட்டினார். "நாலு கல்லு சேர்ந்தாத்தான் ஒரு பூ. இந்தா, இந்தப் பூவுல ஒரு இதழ் வெளிப்பக்கமாத் திரும்பியிருக்கு பாருங்க. உடைஞ்ச கல்லை மாத்தப் போனப்ப அவசரத்துல திருப்பிப் பதிச்சுட்டேன். முகாம் நடந்த பெரிய வீட்டு ஆச்சி வஞ்சாக. மறுபடி பேக்க விடலை, இருந்துட்டுப் போகுதுன்னுட்டாக."

கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, நாற்பது வருஷமாக ஒவ்வொரு கல்லாகச் செய்த கை அது. சிமெண்ட் தின்று கட்டைவிரல் ரேகை வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் இயந்திரம் ஒருமுறைகூட முதலில் எடுக்காதாம். மருத்துவமனைக் கோப்பிலோ, மனைவியைச் சேர்த்தவர் என்று போட்டு, வரி வரியாகத் தெளிந்த ஒரு கட்டைவிரல் ரேகை.

ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற விவரத்தைப் போலீஸ் கேட்டவுடன் கொடுக்க மாட்டார்கள், அதற்கு உயர்நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனால் கடைசி ஆறு மாத விவரத்தை அட்டைக்குச் சொந்தக்காரரே இணையதளத்தில் எடுக்கலாம். அவர் மகன் தன் போனில் எடுத்துக் கொடுத்தான். ரேஷன் கடைத் தோல்விகள் வரிசையாக இருக்கின்றன. மருத்துவமனை சொல்லும் நாளில் ஒன்றுமே இல்லை.

வாக்குமூலம் எழுதி முடித்ததும் கட்டைவிரலை நீட்டினார். போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்தோ ரேகையோ வாங்கக் கூடாது ஐயா என்றேன். விரலைப் பார்த்துக்கொண்டே கையை மடக்கினார்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை, காலையில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மாலையில் முகாம் நடந்த அந்தப் பெரிய வீட்டுக்குப் போனோம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடு. இருப்பது ஆச்சி ஒருவர், கூட ஒரு வேலைக்காரப் பெண். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும்.

முகாமுக்கு இடம் கேட்டபோது ஆச்சி வாடகை வாங்கவில்லை. "நல்ல காரியம்னு திறந்துவிட்டேன் ஆத்தா. சாப்பாடும் நான்தான் போட்டேன்."

2024 நவம்பரில் குஜராத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. மேசானா மாவட்டத்து கிராமம் ஒன்றில் இப்படித்தான் முகாம் போட்டு, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப் போனார்கள். 7 பேருக்கு ஸ்டென்ட் வைத்ததில் 2 பேர் இறந்துபோனார்கள். இங்கே யாரையும் அறுக்கவில்லை, காகிதத்தோடு நின்றது. அதை ஆறுதலாக நினைக்க என்னால் முடியவில்லை. முகாம் என்றாலே இனி ஊர்ச் சனம் ஒதுங்கும், நிஜமான முகாமுக்கும் வராது.

பட்டாலையின் தென்மூலையில் திரும்பிய கல் அப்படியே இருந்தது. படத்தோடு வைத்துப் பார்த்தேன். அதே பூ, அதே இதழ். வீடியோ எடுத்து, பார்த்ததைச் சாட்சிகள் முன் பதியும் மகஜர் எழுதினோம். ஆச்சி சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். கால் வலிக்குமே என்றதற்கு, "என் வீட்டுத் தரையை வெச்சுல்ல ஏமாத்தியிருக்கான்" என்றார்.

28 ஜூலை, திங்கள்

மருத்துவமனையில் சோதனை. காலை ஏழு முதல் மாலை நாலு வரை. புதிய சட்டப்படி முழுக்க ஒலி, ஒளிப்பதிவு. கணினி வட்டு, எக்ஸ்ரே சேமிப்பு, மருந்துக் கொள்முதல் பில். மின்னணுச் சான்றுக்கு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. அதை விட்டு நீதிமன்றத்தில் தோற்ற வழக்குகள் எனக்குத் தெரியும்.

31 ஜூலை, வியாழன்

வென்டிலேட்டரில் இருந்ததாக எழுதிய அந்த ஒன்பது நாளில் ஐந்து நாள் கல் பட்டறைக்காரரின் மனைவி நூறு நாள் வேலையில் இருந்திருக்கிறார். ஊராட்சியிலிருந்து வருகைப் படங்கள் வந்தன. கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு நிற்கிறார், நேரம், இடம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் பழைய படத்தையே படம் பிடித்துப் போடும் ஏமாற்று வருகை பதியும் அந்தச் செயலியிலும் உண்டு. அதனால் பணித்தளப் பொறுப்பாளரையும் கூட வேலை செய்த நாலு பெண்களையும் தனித்தனியாக விசாரித்தேன். நாலு பேரும் அவர் கொண்டுவந்த புதுத் தூக்குவாளியைப் பற்றிச் சொன்னார்கள்.

6 ஆகஸ்ட், புதன்

அட்டை கொடுத்தவர்கள் குற்றவாளிகளா, சாட்சிகளா என்று மேலதிகாரியோடு ஒரு மணி நேரம் பேச்சு. சிலர் 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தவரை, பைபாஸ் இழந்தவரை, கூண்டில் ஏற்றினால் அடுத்த வழக்கில் யார் வாய் திறப்பார்கள்? தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து ஆள் கூட்டி வந்த தரகர் ஒருவர் மட்டும் குற்றவாளிப் பட்டியலில். மற்றவர்கள் சாட்சிகள். கடைசியில் மேலதிகாரியும் சரி என்றார்.

43 குடும்பத்துக்கும் பொய்யாகக் கழித்த தொகையைத் திரும்ப வரவு வைக்கச் சொல்லித் திட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. பட்டியலில் முதல் பெயர் கல் பட்டறைக்காரருடையது. மதுரை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், தேதி இன்னும் கொடுக்கவில்லை.

மாலையில் அவர் மனைவி அங்கிருந்து போன் செய்தார். "ஏம்மா, என் பேர்ல எழுதின அந்த நுரையீரல் சீக்கையும் அழிச்சிருவாகளா? நாளைக்கு எனக்கு நெசமாவே ஒண்ணுன்னா, டாக்டர் அதைப் பார்த்துத்தானே மருந்து எழுதுவாக?"

கடிதத்தில் அதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. எட்டரை மணிக்கு மறுபடி நிலையத்துக்கு வந்து இரண்டாவது கடிதத்தை அடித்தேன்.