பொன்னிக்கு ரத்தம் எடுத்த நேரம்

எங்கள் லேபில் காலை எட்டு மணிக்கு ஒரு வரிசை நிற்கும். கார்டிசால் பார்க்க வந்தவர்கள்; பதற்றத்தில் ஏறுகிற, நேரத்துக்கு நேரம் மாறுகிற ஹார்மோன் அது. எட்டு மணிக்கு ஒரு குழாய், சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொன்று. பத்து மணிக்கு வந்து கையை நீட்டுகிறவரை "நாளைக்கு வாங்கண்ணா" என்று திருப்பி அனுப்பத்தான் எனக்குச் சம்பளம் என்று நைனா கிண்டலடிப்பார். பதினாறு வருஷமாக இதே வேலை. அப்படிப்பட்ட நான் வீட்டுக் குதிரை விஷயத்தில் நேரம் காலம் பார்க்காமல் ரத்தம் எடுக்கவைத்து, ரெண்டு நாள் அழுது தீர்த்த கதை இது.

நைனா காட்பாடி ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். ரயிலை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூரில் விடுவார். ஷேர் ஆட்டோ வந்தது, ஜட்கா போனது. குதிரையை விட அவருக்கு மனசு வரவில்லை. கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு என்று மாறிவிட்டார். இப்போது இருப்பது பொன்னி. விருதம்பட்டில் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட லாயம்.

2020 ஊரடங்கில் முகூர்த்தமெல்லாம் போச்சு. பொன்னி நின்ற இடத்திலேயே நின்றாள். தெருவில் யாருக்கும் வேலையில்லை. ஆளாளுக்கு வந்து வெல்லம், சப்பாத்தி, பழைய சோறு என்று ஊட்டினார்கள். கொள்ளைக் குறைக்கச் சொன்னால் நைனா, "ஒழைக்கலன்னா துன்னக் கூடாதா? இது இன்னா நாயம்?" என்றார். பிடரி தடித்து, விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்தது. ஆடி மாசம் ஒருநாள் விடியற்காலை, முன்னங்கால் ரெண்டையும் முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டுக்கொண்டு நின்றாள். தொட்டால் குளம்பு சுட்டது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்து, குளம்புக்குள் வீக்கம், காரணம் இன்சுலினாக இருக்கும் என்றார். சர்க்கரையா என்று கேட்டேன். சர்க்கரை அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும், அதைச் சரியாக வைத்திருக்க உடம்பு இன்சுலினை மேலே மேலே கொட்டிக்கொண்டிருக்கும் என்றார். மனுஷருக்கு இன்சுலின் எதிர்ப்பு வந்தால் கடைசியில் சர்க்கரை நோயில் போய் நிற்கும். குதிரை பெரும்பாலும் அதுவரை போவதில்லை, அதற்கு முன்பே குளம்பு விட்டுப்போகிறது. 2007ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள்; மூன்று நாளுக்குள் அத்தனைக்கும் குளம்பு நோய் வந்துவிட்டது. சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டும் வந்தது. இன்சுலின் மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது.

அப்போதுதான் நைனாவின் நியாயத்துக்கு என்னிடம் பதில் கிடைத்தது. உழைக்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காது, தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஓடும்போது குதிரை ரத்தத்தில் இன்சுலின் இறங்கும், அதற்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றிவிடும் குளூக்ககான் ஏறும். ஓடி முடித்த பிறகும் கொஞ்ச நேரத்துக்குக் குறைந்த இன்சுலினிலேயே வேலை நடக்கும். நாள் பூரா நிற்கிற குதிரைக்கு இது எதுவும் கிடையாது. "கொள்ளு துன்ன ஒடனே வண்டியில கட்டாத" என்று நைனா சின்ன வயசிலிருந்து சொன்னதும் இதே கணக்கில்தான் வருகிறது. தானியம் தின்றதும் இன்சுலின் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் ஓட்டினால் ரத்தச் சர்க்கரை சட்டென்று சரியும்.

குளம்பு வலிக்கும்போது நடக்கவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாயத்தில் ஆற்று மணலைக் கொட்டி மெத்தை போட்டோம். வெல்லம் கட், கொள்ளு கட், ஊறவைத்துப் பிழிந்த காய்ந்த புல் மட்டும். தெருக்காரர்களுக்கு நான் வில்லி ஆனேன். வலி நின்று, லாடக்காரர் குளம்பைச் சீவிக்கொடுத்த பிறகுதான் பாலாற்று மணலில் நடை ஆரம்பம். முதல் நாள் ஐந்து நிமிஷம்.

சொதப்பல் இதற்கப்புறம்தான். பொன்னிக்கு வயசு பதினேழு. இந்த வயசில் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாலும் குளம்பு நோய் வரும், அதையும் ஒருநாள் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பார்க்க வேண்டியது அந்தச் சுரப்பி விடுகிற ஏ.சி.டி.எச். ஹார்மோன். எனக்குத் தெரிந்தது கார்டிசால். நான் முந்திக்கொண்டேன். ஒரு குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து, பழக்கமில்லாத பொன்னியை நாலு பேர் தள்ளி ஏற்றி, பத்து கிலோமீட்டர் ஹாரன் சத்தத்தில் கொண்டுபோய், இறக்கிய கையோடு ரத்தம் எடுக்கவைத்தேன். மணி பதினொன்றரை. ரிப்போர்ட்டில் கார்டிசால் எகிறியிருந்தது. பிட்யூட்டரிக் கட்டி என்று நானே முடிவு பண்ணி, ராத்திரி பூராவும் போனில் படித்துப் படித்து அழுதேன்.

ரெண்டாம் நாள் நைனா டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "குட்டியானைல ஏத்தி ஊரச் சுத்திட்டு எடுத்த ரத்தம்தானே அது? அன்னிக்கு எனக்குக் குத்தியிருந்தா எனக்கும் அப்டித்தாம்மா வந்திருக்கும்."

டாக்டர் இதையே வேறு மாதிரி காட்டினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். முன்பு லாயத்தில் எடுத்ததில் சிவப்பு 36 சதவீதம். குட்டியானை நாளில் 54. மூன்று மாசத்தில் பொன்னிக்கு ரத்தம் ஊறவில்லை, மண்ணீரலைப் பிழிந்திருக்கிறாள். குதிரை தன் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே மண்ணீரலில் சேர்த்துவைக்கும். அட்ரினலின் வந்ததும் மண்ணீரல் சுருங்கி அத்தனையையும் ரத்தத்தில் விட்டுவிடும். நின்றால் நிமிஷத்துக்கு 30, 40 தடவை துடிக்கிற இதயம், முழு ஓட்டத்தில் 220ஐத் தாண்டுவதும் அந்த அவசரத்தில்தான். "இந்த 54ஐப் பார்த்ததுமே கார்டிசால் காகிதத்தைக் கிழிச்சிருக்கணும்மா" என்றார். குதிரைக்கும் கார்டிசால் காலையில் ஏறி, ராத்திரிக்குள் இறங்கும். பழகின இடத்தை விட்டு நகர்த்தினாலே அந்தத் தாளம் கெடும். ஓடினாலோ, ஓட்டம் நின்ற பிறகும் அரைமணி நேரம்வரை ஏறிக்கொண்டே போய்த்தான் இறங்கும். லேபில் இருக்கும் எனக்கு இதை இன்னொருவர் சொல்லவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நைனா செய்கிற ஒவ்வொன்றையும் உற்றுப் பார்க்கிறேன். சவாரி முடிந்து வந்தால் உடனே கட்டமாட்டார். அரைமணி கையில் பிடித்து நடத்துவார். நெஞ்சு வாரைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக, சோப்பு போட்ட மாதிரி நுரை இருக்கும். குதிரை வேர்வையில் லாதரின் என்று ஒரு புரதம், அதன் வேலை அது. மனுஷருக்கு வேர்வையைத் திறப்பது நரம்பு விடுகிற அசிட்டைல்கோலின், குதிரைக்கு அட்ரினலின். பேண்டுக்காரன் டிரம்மைத் தட்டியதும், ஓர் அடி நகராத பொன்னிக்குக் கழுத்து நனைவது அதனால்தான்.

அந்த வேர்வை நம்முடையதைவிட உப்பு ஜாஸ்தி. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தம் கெட்டியானதாக உடம்புக்குத் தெரியாது, தாகமும் எடுக்காது. வாளியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நைனா ஒரு பிடி கல்லுப்பைத் தவிட்டில் பிசைந்து முதலில் கொடுப்பார், அப்புறம் வாளி. உறிஞ்சுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்கிற சுரப்புகள் ஏறி, வெளியேறப்போன உப்பைப் பிடித்து நிறுத்தும்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் நைனா அந்த மாசம் பூராவும் விடியற்காலையில் காலி வண்டியைப் பூட்டிக்கொண்டு கழிஞ்சூர் வரை போய்வருவார். தை பிறந்து கட்டினால் மூச்சு வாங்கும், முன்னாடியே பழக்கிடணும் என்பார். பழக்க ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே, அதே ஆல்டோஸ்டிரோன் உப்பையும் தண்ணீரையும் சேர்த்துவைத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டிவிடும். வேர்வைக்குக் கையிருப்பு.

மறுபடி ரத்தத்தை லாயத்திலேயே எடுத்தோம். காலை ஏழு மணி, புல் மட்டும் தின்றிருந்தாள். டாக்டர் ஊசியோடு நிற்க, நைனா காதடியைத் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார், நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை ஏ.சி.டி.எச். ரத்தத்தை ஐஸில் வைத்துக் கொண்டுபோனேன். இன்சுலினைக் கால்நடை லேபுக்கே அனுப்பினோம். குதிரை இன்சுலின் மனுஷருடையதிலிருந்து லேசாக வித்தியாசப்படும், நம் லேபின் டெஸ்ட் கிட்டெல்லாம் அதைச் சரியாகப் பிடிக்கும் என்று சொல்லமுடியாது. பிட்யூட்டரியில் கோளாறு இல்லை. இன்சுலின் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

மணல் நடை 2021 நவம்பர்வரை தொடர்ந்தது. அந்த மாசம் பாலாற்றில் வெள்ளம் வந்தது. கரையில் ஊரே செல்போனோடு நிற்க, "ஆறு வந்துச்சுன்னு இவங்களுக்குக் குஷி. எங்க பொண்ணு எங்க நடப்பா?" என்று நைனா ஒருத்தர்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.