கேனுக்குள் வராத சிறுநீர்

மதுரையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக 16 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்னும் கழிவைச் சிறுநீரகங்கள் எவ்வளவு வேகமாக வெளியேற்றுகின்றன என்று அறிய, 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் செய்யும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் பரிசோதனைக்கு இப்போதெல்லாம் முன்போல் ஆட்கள் வருவதில்லை. ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின், வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்னும் இருவர் வகுத்த சூத்திரமும், அதற்குப் பின் வந்தவையும் பெரும்பாலான நேரங்களில் போதுமானவையாக இருக்கின்றன. ஆனாலும் மிக மெலிந்தவர்கள், தசை கரைந்தவர்கள் போன்றோருக்கு மருத்துவர்கள் இன்றும் இதை எழுதித்தான் அனுப்புகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு வயது 52, எடை 45 கிலோ. வெள்ளைக் கேனைக் கொடுத்து, எல்லோரிடமும் ஒப்பிப்பதைத்தான் அவரிடமும் ஒப்பித்தேன்: காலை ஆறு மணிக்குப் போவதைக் கீழே விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு போவது முழுவதையும் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவது உட்படக் கேனில் பிடிக்க வேண்டும், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் கேனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி வைக்க வேண்டும். அவர் தலையாட்டினார். தலையாட்டியதையே அவர் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன்.

வந்தது 620 மில்லி. கேனை நன்றாகக் குலுக்கி, அளவு ஜாடியில் ஊற்றி, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி குனிந்து பார்த்துத்தான் எழுதினேன். அளந்ததில் பிழை இல்லை. சிறுநீரில் கிரியேட்டினின் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம், ரத்தத்தில் 1.4. ஐம்பதை 620ஆல் பெருக்கி, 1.4ஆலும் ஒரு நாளின் 1440 நிமிடங்களாலும் வகுத்தால் நிமிடத்துக்கு 15 மில்லி. அறிக்கை அன்று மாலையே போய்விட்டது.

மறுநாள் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். சூத்திரப்படி 33 வருகிறதே, இது எப்படிப் பாதிக்கும் கீழே இறங்கும் என்று கேட்டார். டயாலிசிஸ் வரைக்கும் அந்த வீட்டில் பேச்சு போயிருந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் நான் பார்த்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் உடலிலிருந்து நாளொன்றுக்கு, கிலோவுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிகிராம் கிரியேட்டினின் சிறுநீரில் வெளியேற வேண்டும். வயதானால் சற்றுக் குறையும். இவருக்கு மொத்தமே 310, அதாவது கிலோவுக்கு ஏழு. கிரியேட்டினினை அளக்க உதவும், யாஃபே என்பவர் 1886இல் கண்ட ஆரஞ்சு நிற வேதிவினையை நம்பி இயந்திரம் சொன்ன எண் சரியானதே. பாதிச் சிறுநீர் கேனுக்கே வந்து சேரவில்லை.

அவரை மீண்டும் வரவழைத்து, வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவார், எப்போது திரும்புவார் என்று கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"மூணு மணிக்கெல்லாம் பூ எடுக்கப் போயிருவோம் தம்பி. மொட்டு விரியுறதுக்குள்ள எடுக்கணும்ல. ஆம்பளைக நிக்கிற காட்டுல இந்தக் கேனையா தூக்கிக்கிட்டு அலைய முடியும்?"

விடிவதற்குள் மல்லிகைக் காட்டிலும், பகலில் களையெடுக்கும் இடத்திலும் போனவை மண்ணுக்குப் போயிருந்தன. ஆறு மணி என்று நான் சொன்ன எல்லையே அவருக்குக் காட்டின் நடுவில் வந்திருக்கிறது.

இரண்டாவது முறை, வேலைக்குப் போகாத அமாவாசை நாளாகப் பார்த்து, அவர் எழுந்திருக்கும் இரண்டரை மணியிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொன்னேன். எந்த மணியில் தொடங்கினாலும் 24 மணி நேரம் நிறைந்தால் போதும். மஞ்சள் பைக்குள் வைத்து அவர் கொண்டுவந்த கேனில் 1450 மில்லி இருந்தது, கிரியேட்டினின் 48. கிலோவுக்குப் பதினைந்தரை வந்ததைப் பார்த்த பிறகே கிளியரன்ஸைக் கணக்கிட்டேன்: 34.5. சிறுநீரக நுண்குழல்களும் கொஞ்சம் கிரியேட்டினினைச் சிறுநீரில் தள்ளுவதால், சிறுநீரகத்தின் உண்மையான வடிகட்டும் திறன் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நோய் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 15 அல்ல.

பழைய எண்ணைப் பதிவேட்டில் அழிக்கவில்லை. அதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, 'சேகரிப்பு முழுமையில்லை. நேரம் விசாரிக்கப்படவில்லை' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.